ஓடி வந்து கட்டிக்கொள்ளும் பிள்ளைகள்

"ஏதாவது நல்ல ஆசிரமம் தெரியுமா? பொண்ணுக்குப் பிறந்தநாள் வருது, பிள்ளைங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடணும்." மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சில வருடங்களாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், அந்தத் தொடர்பில் வருகிற கேள்வி இது. முகவரி கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கூடவே சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அநேகமாக எல்லாருமே ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். "உள்ள நுழைஞ்சதுமே ஓடி வந்து கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. ஒரு பாப்பா இடுப்புல ஏறி உக்காந்துடுச்சு, எறங்கவே மாட்டேன்னுடுச்சு. என்ன பாசம்!" சொல்லும்போதே கண் கலங்கிவிடும். அவர்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். பாதி முகத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். "மாமாடா, வா" என்று பத்து தடவை கூப்பிட்டால்தான் ஒரு அடி எடுத்து வைக்கும். ஒளிந்துகொள்ள ஒரு ஆள் இருக்கிறது, அதனால் ஒளிகிறது. வருகிறவர் போகிறவர் யாராக இருந்தாலும் இடுப்பில் ஏறுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு ஆள் இல்லாமல் இருக்கலாம்.

குழந்தை மனநல மருத்துவத்தில் இதற்குத் தனியாக ஒரு பெயரே இருக்கிறது. ஆள் பேதம் பார்க்காத நெருக்கம் என்று நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஒரு பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொண்டது என்பதற்காக அதற்கு நோய் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது, சில பிள்ளைகள் இயல்பிலேயே கலகலப்பானவர்கள். ஒரு இல்லத்தில் சின்னப் பிள்ளைகள் மொத்தப் பேரும் அப்படி ஓடி வருகிறார்கள் என்றால்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. அங்கே சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, இன்னொன்று குறைகிறது.

அந்த இன்னொன்று என்ன என்பதை மருத்துவ உலகம் ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தது. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945-இல் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம். இன்னொன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம், அங்கே கைதிகளான அம்மாக்களே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் இடத்தில் சுத்தம், மருத்துவம், பால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி. கிருமி தொற்றக் கூடாது என்று தொட்டில்களைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால், குழந்தைகள் நாள் முழுக்க கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. அங்கிருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு வருடத்துக்குள் இறந்துபோனார்கள். சிறையில் இருந்த குழந்தைகளில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஸ்பிட்ஸின் ஆய்வு முறையில் ஓட்டைகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள், அது நியாயமும்கூட. ஆனாலும் அவர் தொட்ட இடம் சரியான இடம். 1951-இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, குழந்தைக்கு நிலையாக ஒரு ஆள் வேண்டும் என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உறுதியான சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. அங்கே சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தார், மக்கள்தொகையைப் பெருக்க வேண்டுமாம். வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா மூவரும் புக்கரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 136 சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். குலுக்கல் போட்டுப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். (அவர்களை இல்லத்திலேயே பிடித்து வைக்கவில்லை. வேறு குடும்பம் கிடைத்தபோது போகலாம் என்றே இருந்தது. அப்படியும் அந்த ஆய்வின் நியாயம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.)

2007-இல் சயின்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. மூன்றரை வயதில் அளந்த அறிவுத்திறன் எண், இல்லத்தில் தொடர்ந்த குழுவுக்குச் சராசரி 77. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 86-ஐ ஒட்டி. பிறந்ததிலிருந்து சொந்தக் குடும்பத்திலேயே வளர்ந்த அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு 103. இரண்டு வயது நிறைவதற்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள்தான் அதிகம் மீண்டார்கள். அந்த ஆள் பேதம் பார்க்காத நெருக்கம் மட்டும், குடும்பம் கிடைத்த பிறகும் பலரிடம் எளிதில் போகவில்லை.

ருமேனிய இல்லங்களையும் நம் ஊர் இல்லங்களையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குப் பிறகு வருகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், தெருவோடு உறவாடுகிறார்கள். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற சங்கதி இங்கேயும் அதேதான். நான் கணக்கு எழுதும் இல்லத்தில் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா என்ற இடத்தில் பெயர் மாறிக்கொண்டே போகும். ஒருத்தர் ஏழு மாதம், அடுத்தவர் நாலு மாதம், அதற்கடுத்தவர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி பகல் என்று பார்க்காத வேலை. பக்கத்து மில்லில் எட்டு மணி நேரத்துக்கு இதைவிடக் கூடக் கொடுக்கிறான்.

பகலில் இது வெளியே தெரியாது. இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் பகலில்தான் வருவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஆள் இல்லாததன் அர்த்தம் தெரியும். படுக்கையை நனைக்கிற பிள்ளைகள் எந்த இல்லத்திலும் இருப்பார்கள், எட்டு பத்து வயதிலும் இருப்பார்கள். பழகிய ஆயாம்மாவாக இருந்தால் பதினொரு மணிக்கு ஒரு தடவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார், நனைந்துவிட்டாலும் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் காலையில் விரிப்பை மாற்றிவிடுவார். புதிதாக வந்தவருக்கு யார் நனைக்கிற பிள்ளை என்றே தெரியாது. விடிந்ததும் சத்தம் போடுவார், எல்லாருக்கும் தெரிந்துவிடும், அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி குடிக்க மாட்டான், ரஸ்க் நனைத்துக் கொடுத்தால் சாப்பிடுவான் என்கிற மாதிரி விவரங்கள் எந்தக் கோப்பிலும் இருக்காது. ஆள் போனால் அந்த விவரமும் கூடவே போய்விடும்.

இதில் பணம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் வருகிறது.

இல்லத்தில் சாப்பாட்டு நன்கொடைக்கென்று ஒரு டைரி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நிரம்பிவிடும். ஜனவரி 1, பொங்கல், ஆகஸ்டு 15, தீபாவளி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆள் வந்துவிடுவார்கள். சில ஞாயிறுகளில் காலையில் ஒருத்தர் கேசரி, மத்தியானம் ஒருத்தர் பாயசம், சாயங்காலம் ஒருத்தர் கேக். திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை. தப்பாக நினைக்காதீர்கள், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள இல்லங்களும் இருக்கின்றன, அங்கே ஒரு மூட்டை அரிசி பெரிய விஷயம். ஆனால் டவுனை ஒட்டிய, பெயர் தெரிந்த இல்லங்களில் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் ஆள் இருக்கிறது, கட்டடத்துக்கும் இருக்கிறது, கல்வெட்டில் பெயர் வருமே. ஆயாம்மா சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை. "என் பணம் நேரா பிள்ளைங்களுக்கே போகணும், சம்பளத்துக்கெல்லாம் போகக் கூடாது" என்று ரசீதில் எழுதச் சொன்னவர்கள்கூட உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேருகிற பெரிய விஷயமே அந்தச் சம்பளம்தான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இனி, ஆசிரமத்தில் இருக்கிற பிள்ளைகள் யார்? மே மாதம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வருடம் முழுக்க இரைச்சலாக இருந்த இடம் காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊருக்கு? அம்மா இருக்கிற ஊருக்கு, ஆச்சி வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு. போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட நாலைந்து பிள்ளைகள்தான் நாம் "அனாதை" என்று சொல்லும்போது மனசில் வைத்திருக்கிற பிள்ளைகள்.

நாடு முழுக்கவும் இதுதான் நிலை. ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இல்லங்களை எல்லாம் கணக்கெடுத்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. 9,589 இல்லங்கள். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 1,647, எந்த மாநிலத்தையும்விட அதிகம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவதாகக் கணக்கில் வந்த பிள்ளைகள் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம். அவர்களில் அனாதை என்று பதிவானவர்கள் 42 ஆயிரத்துக்கும் குறைவு. அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள் 1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது, மூன்றில் ஒரு பிள்ளைக்குப் பெற்றவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

பிறகு ஏன் இல்லத்தில்? ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கதை. அப்பா குடியில் இறந்திருப்பார், அம்மா செங்கல் சூளைக்குப் போக வேண்டும், சூளையில் பள்ளிக்கூடம் இருக்காது. அல்லது அம்மா மறுமணம் செய்துகொண்டிருப்பார், புது வீட்டில் பிள்ளைக்கு இடம் இருக்காது. அல்லது எழுபது வயது ஆச்சி மூன்று பேரக்குழந்தைகளை முதியோர் பென்ஷனில் வளர்த்துக்கொண்டிருப்பார். "அங்க போனா மூணு வேளை சாப்பாடு, படிப்பு, ட்ரெஸ்ஸு எல்லாம் குடுக்குறாங்களாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் யாரும் பிள்ளையை வேண்டாம் என்றவர்கள் இல்லை. கையில் மாதம் சில ஆயிரம் கூட இருந்திருந்தால் அழைத்து வந்தே இருக்க மாட்டார்கள்.

2015 இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். இல்லங்கள் தாமாகவே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. ஆச்சி வந்து வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. அவர்கள் பிள்ளையிடம் பேசி, வீட்டுச் சூழலை விசாரிக்கச் சொல்லி, அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். பெற்றவரே வளர்க்க முடியாது என்று ஒப்படைத்தாலும், மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், இல்லத்துக்குப் பதிவு கட்டாயம்.

பதிவு என்பது வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மாமல்லபுரம் பக்கம் இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக 2007-இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. பத்து வருடம் நடந்து 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த வருட முடிவுக்குள் நாட்டில் உள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், தணிக்கை நடக்க வேண்டும் என்றது. பதிவில்லாத இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. ஒன்று குறைந்தாலும் தெரியாது.

பிள்ளையைக் குடும்பத்தோடேயே வைத்துக்கொள்வதற்கும் திட்டம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் கிராமத்தில் வருடம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கணவனை இழந்த அம்மா, கைவிடப்பட்ட அம்மா, பேரப்பிள்ளையை வளர்க்கும் ஆச்சி எல்லாரும் விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். இல்லத்தில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஒரு மாதம் அம்மாவோடு இருப்பதற்கு அரசாங்கம் போட்டிருக்கும் தொகையும் அதேதான். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோ, தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவோ பிள்ளையை இல்லத்தில் சேர்க்க யோசிக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து அலுவலகத்துக்கு நாலு நடை கூட நடப்பதைவிடப் பெரிய தானம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இல்லங்களே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடியும் அதைவிட மோசமானதும் நடக்கிற வீட்டிலிருந்து 1098-க்கு வந்த அழைப்பில் மீட்கப்பட்ட பிள்ளைக்கு அன்று ராத்திரியே ஒரு கதவு திறக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தை ஆரம்பித்ததே, தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்குப் போக்கிடம் இல்லாததால்தான். அந்த மாதிரித் தேவை இன்னும் தீரவில்லை. இல்லம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் 1949-இல் ஆரம்பித்த எஸ்ஓஎஸ் கிராமங்களின் யோசனை எளிமையானது. பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்காமல் தனித்தனி வீடு, வீட்டுக்கு ஒரு அம்மா, கூடப் பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில். எல்லா இல்லத்துக்கும் அந்த வசதி வராது. ஆனால் வசதி இல்லாத இல்லத்திலும் செய்யக்கூடியது உண்டு. நாற்பது பிள்ளைகளையும் எல்லா ஆயாம்மாவும் பொதுவாகப் பார்ப்பதற்குப் பதில், ஆளுக்கு எட்டுப் பத்துப் பிள்ளை என்று பிரித்துவிடலாம். பூட்டுச் சாவியோடு ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. பொது மூட்டையிலிருந்து எடுத்து மாட்டுகிற சட்டை போய், பெயர் தைத்த சொந்தச் சட்டை. ஞாயிறு தோறும் அம்மாவோடு போன் பேச ஒரு நேரம். நான் பார்த்த வரையில் இவை உள்ள இடத்தில் பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள், வார்டனம்மா முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் தலையாட்டினால்தான் பக்கத்தில் வருகிறார்கள். வருகிற பெரிய மனிதர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஆகவே முகவரி கேட்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் பதிவுச் சான்றைப் பாருங்கள், நல்ல இல்லமாக இருந்தால் ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள், எத்தனை பிள்ளைகள் போன வருடம் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "யாருமே போகல, எல்லாரும் எங்ககிட்டதான் இருக்காங்க" என்று பெருமையாகப் பதில் வந்தால் எனக்கு உதைக்கும். பணம் கொடுப்பதாக இருந்தால், ஒரு ஆயாம்மா சம்பளத்தில் ஒரு பங்கை வருடம் முழுக்கக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் முடிகிற காரியம். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து உங்கள் பெண் கேக் ஊட்டுகிற மாதிரி போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தப் பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ வரலாம். சட்டம் இருக்கட்டும், அந்தப் படத்தை அந்தப் பிள்ளையின் வகுப்பில் படிக்கிறவன் பார்ப்பான் இல்லையா?

நேரம் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. மூன்று வாரம் தினமும் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒட்டிக்கொண்ட பிறகு வேலை மாறிப் போய்விடுகிற அண்ணன்களும் அக்காக்களும் அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறைய. மாதம் ஒரு சனிக்கிழமை போதும். இரண்டு வருடத்துக்கு அந்தச் சனிக்கிழமை தவறாது என்றால் போங்கள்.

கடைசியாக, பதினெட்டு வயது. அன்றோடு இல்லத்தின் பொறுப்பு முடிகிறது. 21 வயது வரை பின்பராமரிப்பு என்று சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் தேடிப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். கல்லூரி விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, ஹாஸ்டல் மூடுகிற தீபாவளி லீவுக்கு எங்கே போவது, முதல் சம்பளத்தை யாரிடம் காட்டுவது என்பதெல்லாம் அப்போதுதான் கிளம்பும். எங்கள் இல்லத்தில் படித்து இப்போது திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், லீவு கிடைத்தால் இல்லத்துக்கு வருவதில்லை. எட்டு வருடம் அங்கே வேலை பார்த்து, முட்டிவலி தாங்காமல் நின்றுபோன ஒரு ஆயாம்மாவின் வீட்டுக்குப் போகிறான். போன பொங்கலுக்கு அந்த அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு போனானாம். இல்லத்தின் பெயரில் வந்த அவனுடைய ஆதார் கடிதத்தை வாங்க வந்தபோது சொன்னான். முகவரியை அந்த அம்மா வீட்டுக்கு மாற்ற என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.